பினாங்கின் ஈரக்காற்றும் என் அமீன் தூளும்

எங்கள் ஆய்வுக்கூடத்தின் சன்னலுக்கு வெளியே நிற்கும் காற்றில் ஒரு கன மீட்டரை அளந்தெடுத்தால், அதில் ஏறத்தாழ 24 கிராம் நீராவியும் முக்கால் கிராம் கரியமில வாயுவும் இருக்கும். வெப்பநிலை 30 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காடு என்ற, மலேசியாவின் பினாங்கில் யாரும் குறிப்பிட்டுப் பேசாத ஒரு சாதாரண நாளுக்கான கணக்கு இது. எடையை விட்டு மூலக்கூறுகளாக எண்ணினால், கரியமில வாயு ஒன்றுக்கு நீர் எண்பது வரும். பள்ளி மாணவரும் போட்டுவிடக்கூடிய இந்தக் கணக்கை நான் முனைவர் பட்ட ஆய்வின் முதல் வாரத்திலேயே போட்டிருக்க வேண்டும். மூன்றாம் ஆண்டில்தான் போட்டேன். அதற்குள் ஒரு கட்டுரை வெளியாகிவிட்டது, ஒரு மாநாட்டில் பேசியும் முடித்துவிட்டேன், உருளையிலிருந்து வந்த வறண்ட வாயுவில் என் தூள் காட்டிய எண்ணை நானே நம்பவும் தொடங்கிவிட்டேன்.

என் வேலை, கரியமில வாயுவைப் பிடித்து வைத்துப் பிறகு கேட்கும்போது விட்டுக்கொடுக்கும் திடப்பொருள்களைச் செய்வது. வாயு ஒரு பொருளின் உள்ளே கலந்துவிடுவதை உறிஞ்சுதல் என்றும், மேற்பரப்பில் ஒட்டி நிற்பதைப் பரப்புக்கவர்தல் என்றும் பாடநூல்கள் பிரிக்கின்றன. நான் செய்யும் தூளில் இரண்டும் கலந்தே நடப்பதால், இந்தப் பதிவில் கவர்பொருள் என்ற ஒரே சொல்லால் எழுதிச் செல்கிறேன்.

இந்த வேதியியல் நம் வீடுகளுக்குப் புதிதன்று. அம்மாவின் வெற்றிலைப் பெட்டியிலுள்ள சுண்ணாம்பு டப்பாவை இரண்டு நாள் மூடாமல் விட்டால் மேலே ஓர் ஓடு படிந்துவிடும்; காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்து, அது தான் பிறந்த சுண்ணாம்புக்கல்லாகவே திரும்பத் தொடங்கியதன் அடையாளம் அது. ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் சுவர்ப்பூச்சு மெல்ல மெல்ல இறுகியதும் இதே வினையால்தான். அந்தச் சுவர்கள் பல மாதங்கள் எடுத்துக்கொண்டு, மின்சாரமோ விசிறியோ இல்லாமல், தெருக்காற்றிலிருந்தே தமக்குத் தேவையான வாயுவை எடுத்துக்கொண்டன. 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு 44 கிராம் கரியமில வாயுவைப் பிடிக்கும். எடைக்கு எடை ஒப்பிட்டால், நான் இதுவரை செய்த எந்தப் பொருளும் அதன் அருகில்கூட வராது.

அப்படியானால் சுண்ணாம்பையே பயன்படுத்திவிடலாமே என்று உறவினர் வீட்டு விருந்துகளில் என்னைக் கேட்டவர்கள் உண்டு. கேள்வியில் பிழையில்லை. ஆனால் பிடித்ததை அது விடுவதற்கு ஏறத்தாழ 900 டிகிரி வெப்பம் வேண்டும். ஒரு மோல், அதாவது 44 கிராம், கரியமில வாயுவைச் சுண்ணாம்பிலிருந்து பிரிக்க 178 கிலோஜூல் செலவாகும்; அந்தச் சூட்டில் சுண்ணாம்பின் நுண்துகள்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொள்ள, துளைகள் அடைபட்டு, ஒவ்வொரு சுழற்சியிலும் பிடிப்புத்திறன் சரியும். இதை அறிந்தே, கழிவாகக் கொட்டப்படும் கிளிஞ்சல் ஓட்டைச் சுட்டுக் கவர்பொருளாக்கும் ஆய்வுகள் நம் நாட்டில் நிறைய நடந்திருக்கின்றன. கழிவுக்கு ஒரு பயன் கிடைக்கிறது என்ற அளவில் எனக்கும் அதில் மகிழ்ச்சிதான். ஆயினும், அந்த ஓட்டை முதன்முதலில் சுடும்போது அதிலிருந்து வெளியேறும் வாயுவும் கரியமில வாயுவே, அதுவும் பிறகு அது பிடிக்கவிருக்கும் அதே அளவு. முதல் சுழற்சியின் வரவு, அடுப்புக்குக் கொடுத்த கடனை அடைக்கவே சரியாகப் போகும். பல கட்டுரைகள் இந்த வரியை எழுதாமல் கடந்துவிடுகின்றன.

ஆகவே ஒரு கவர்பொருளை வடிவமைப்பவருக்கு முதலில் கைக்கு வரவேண்டியது பிணைப்பு வெப்பத்தின் அளவுகோல். செயலூட்டிய கரியில் கரியமில வாயு ஒட்டும்போது மோலுக்கு 20 முதல் 30 கிலோஜூல் வெளிப்படும், 13எக்ஸ் என்ற சியோலைட்டில் (நுண்துளைகள் நிறைந்த ஒருவகைக் கனிமம்) 40 அளவில் இருக்கும், நைட்ரஜன் கொண்ட கரிமச் சேர்மங்களான அமீன்களில் 60 முதல் 90 வரை, சுண்ணாம்பில் 178. கரி இலேசாகத் தொடுகிறது, இலேசாகவே விடுகிறது. ஆனால் காற்றில் பத்து லட்சம் மூலக்கூறுகளுக்கு 425 என்ற அளவில் நீர்த்துப்போய்க் கிடக்கும் வாயுவைத் தேடிப் பிடிக்க அந்தத் தொடுகை போதாது. காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பிரிக்க வெப்ப இயக்கவியல் கேட்கும் குறைந்தபட்ச வேலை மோலுக்கு ஏறத்தாழ 20 கிலோஜூல்தான். 12 விழுக்காடு கரியமில வாயு உள்ள புகையிலிருந்து பிரிப்பதற்கு அதில் பாதிகூட வேண்டாம். அந்த 20க்கும் நாம் உண்மையில் செலவழிப்பதற்கும் இடையிலுள்ள பள்ளத்தில்தான் என் துறை முழுவதும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

அமீனைக் கொண்டு இவ்வாயுவைக் கழுவி எடுக்கும் முறை பழையது. ராபர்ட் பாட்டம்ஸ் என்ற அமெரிக்கர் 1930இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றும் தொழிற்சாலைகளில் பெரிதும் பயன்படுவது மோனோஎத்தனாலமீன் என்ற திரவத்தின் 30 விழுக்காட்டுக் கரைசல். பெயரளவில் அமீன் கரைசல் என்றாலும் அதில் 70 பங்கு தண்ணீர். வாயுவை வெளியேற்ற ஒவ்வொரு முறையும் அந்தத் தண்ணீரையும் சேர்த்தே சூடாக்க வேண்டும். ஒரு டன் கரியமில வாயுவுக்கு 3.5 முதல் 4 கிகாஜூல் வரை வெப்பம் அதனால் செலவாகிறது. தண்ணீரை நீக்கிவிட்டு, அமீனை ஒரு திடப்பொருளின் துளைகளுக்குள் உட்காரவைத்துவிட்டால் அந்த வீண்சூடு மிச்சம் என்பதுதான் திட அமீன்களின் பின்னால் உள்ள எண்ணம். மோபில் நிறுவனத்தார் 1992இல் எம்சிஎம்-41 என்ற, சில நானோமீட்டர் அகலமுள்ள ஒரேசீரான துளைகள் கொண்ட சிலிக்காவை வெளியிட்டார்கள். பத்தாண்டு கழித்துப் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சுன்ஷான் சோங்கின் குழு அந்தத் துளைகளுக்குள் பாலிஎத்திலீனிமீன் என்ற பிசுபிசுப்பான பலபடியை நிரப்பி, அதற்கு மூலக்கூறுக் கூடை என்று பெயரிட்டது. என் தூள் அந்தக் கூடையின் தூரத்து உறவு.

செய்முறையை எழுதினால் சமையல் குறிப்பைப்போல எளிதாகத் தோன்றும். பலபடியை மெத்தனாலில் கரைக்க வேண்டும், சிலிக்காவைக் கொட்டிப் பல மணி நேரம் கலக்க வேண்டும், மெத்தனாலை வெற்றிடத்தில் ஆவியாக்க வேண்டும். மிஞ்சுவது மாவைப்போன்ற வெண்தூள். எவ்வளவு பலபடி என்பதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. பாலிஎத்திலீனிமீனில் 43 கிராமுக்கு ஒரு மோல் நைட்ரஜன் உண்டு. ஆக, ஒரு கிராமுக்கு 23 மில்லிமோல். தூளில் பாதி எடை பலபடி என்றால் கிராமுக்கு ஏறத்தாழ 11.6 மில்லிமோல். வறண்ட நிலையில் ஒரு கரியமில வாயு மூலக்கூறைப் பிடிக்க இரண்டு அமீன்கள் கூட வேண்டும்: ஒன்று வாயுவோடு பிணைந்து கார்பமேட்டாகிறது, மற்றொன்று அதிலிருந்து கழன்ற புரோட்டானை வாங்கிக்கொள்கிறது. எனவே தாளில் உச்சம் 5.8 மில்லிமோல். கையில் அதில் பாதி வந்தால் நல்ல நாள். இன்னும் கொஞ்சம் பலபடி சேர்த்தால் இன்னும் கொஞ்சம் பிடிக்கும் என்று ஆசைப்பட்டு ஊற்றினால், துளைகள் நிரம்பி வழிந்து, தூள் களியாகி, வாயு உள்ளே நுழையவே வழியில்லாமல் போகும். அந்தக் களியைக் கண்ணாடிக் குழாயிலிருந்து சுரண்டி எடுத்த ஒரு பிற்பகலை நான் எளிதில் மறக்கமாட்டேன்.

இப்பொருளில் எனக்கு இன்றும் வியப்பளிக்கும் ஒரு குணம் உண்டு. பிணைப்பில் வெப்பம் வெளிப்படுகிறதென்றால், குளிரக் குளிரப் பிடிப்பு கூடவேண்டும் என்பது வேதியியலின் பொது விதி. நிரம்பப் பலபடி ஏற்றிய தூளோ 30 டிகிரியில் பிடிப்பதைவிட 75 டிகிரியில் அதிகம் பிடிக்கும். காரணம், குளிரில் பலபடி இறுகிக் கிடக்கிறது. மேலடுக்கிலுள்ள அமீன்கள் வாயுவைப் பிடித்ததும் அந்த மேலடுக்கு இன்னும் இறுகி, கீழே உள்ளவற்றுக்கு வாசல் அடைத்துவிடுகிறது. சூட்டில் பலபடியின் இழைகள் நெகிழ்ந்து வழிவிடுகின்றன. காலவரையின்றிக் காத்திருந்தால் குளிரிலும் அதிகம் பிடிக்கக்கூடும், ஆனால் எந்த ஆலையும் அவ்வாறு காத்திருக்காது. சோங்கின் குழு 2002இலேயே இந்த 75 டிகிரி உச்சத்தைக் கண்டு எழுதியிருந்தது. நான் அதை ஒரு விசித்திரமாக மட்டும் படித்துவிட்டு, காற்றைப் பற்றிய என் ஆய்வுக்கு அது உதவாது என்று ஒதுக்கிவைத்தேன்.

இனி தண்ணீருக்கு வருகிறேன். சியோலைட்டுகளுக்குத் தண்ணீர் எதிரி; 13எக்ஸ் வறண்ட வாயுவில் கிராமுக்கு 4, 5 மில்லிமோல் பிடித்துவிட்டு, ஈரம் பட்டதும் துளைகள் அனைத்தையும் தண்ணீருக்கே கொடுத்துவிடும். விண்வெளி நிலையத்தில் வீரர்களின் மூச்சுக்காற்றைச் சுத்தம் செய்யும் கருவியில், சியோலைட் படுகைக்கு முன்னால் காற்றை உலர்த்த வேறொரு படுகை வைத்திருப்பது அதனால்தான். அமீன்களின் கதை வேறு. தண்ணீர் இருந்தால் ஒரு அமீன் ஒரு கரியமில வாயுவைப் பைகார்பனேட்டாகப் பிடிக்க வழி பிறக்கிறது. இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கு, கொள்கையளவில் ஒன்றுக்கு ஒன்றாகிறது. இன்னொரு நன்மையும் உண்டு. சூடும் வறண்ட தூய கரியமில வாயுவும் சேர்ந்தால் அமீன்கள் யூரியாவாக மாறிச் செத்துப்போகும். அப்துல்ஹமீது சயாரி என்ற கனடா ஆய்வாளரும் அவருடைய சகாவும் 2010இல், சிறிது நீராவி சேர்த்தாலே இந்தச் சிதைவு நின்றுவிடுகிறது என்று காட்டினார்கள். இதையெல்லாம் படித்துவிட்டு, ஈரக்காற்று உள்ள பினாங்கு அமீனுக்கு வாய்த்த இடம் என்று என் மாநாட்டு உரையில் நான் சொன்னேன். கைதட்டலும் கிடைத்தது.

பிறகுதான் சன்னலைத் திறந்தோம். உருளையைக் கழற்றிவிட்டு, வெளிக்காற்றை நேரே குழாய்க்குள் இழுக்கும்படி ஒரு சிறிய பம்பை வைத்து, ஓர் இரவு ஓடவிட்டு, மறுநாள் தூளை 100 டிகிரிக்குச் சூடாக்கினோம். கரியமில வாயு எதிர்பார்த்ததற்குச் சற்று மேலாகவே வந்தது; அதுவரை என் உரை பொய்யாகவில்லை. ஆனால் குளிர்பொறியில் தேங்கிய தண்ணீரை எடைபோட்டபோது, பிடித்த கரியமில வாயு மூலக்கூறு ஒன்றுக்கு ஐந்துக்கு மேல் நீர் மூலக்கூறுகள் ஏறி உட்கார்ந்திருந்தது தெரிந்தது. ஒரு மோல் நீரைக் கழற்ற ஏறத்தாழ 45 கிலோஜூல் வேண்டும். ஐந்துக்கு 225. அமீனிலிருந்து கரியமில வாயுவைக் கழற்ற 85 போதும். நான் கட்டியிருந்தது, பக்க விளைவாகக் கொஞ்சம் கரியமில வாயுவும் பிடிக்கும் ஓர் ஈரம் உலர்த்தி.

ஐஸ்லாந்தில் க்ளைம்வொர்க்ஸ் நிறுவனம் 2021இல் ஓர்கா என்ற நிலையத்தையும் 2024இல் மாமத் என்ற பெரிய நிலையத்தையும் தொடங்கிக் காற்றிலிருந்தே கரியமில வாயுவைப் பிடித்து வருவது பலருக்குத் தெரிந்த செய்தி. ஆண்டுக்கு 4,000 டன், 36,000 டன் என்பன அவற்றின் வடிவமைப்புக் கொள்ளளவுகள். அங்கே பூமியின் சூடு மலிவாகக் கிடைக்கிறது, பிடித்ததைப் புதைக்கப் பக்கத்திலேயே எரிமலைப் பாறை இருக்கிறது. இவ்விரண்டையும் எல்லாரும் எழுதுவார்கள்; மூன்றாவதாக ஒன்று உண்டு. 5 டிகிரிக் குளிரில் ஒப்பு ஈரப்பதம் இங்குள்ளதைப்போலவே 80 விழுக்காடு இருந்தாலும், கரியமில வாயு ஒன்றுக்கு நீர் பதினாறுதான் வரும். நமக்கு எண்பது. 1999இலேயே காற்றிலிருந்து பிடிக்கும் யோசனையை முன்வைத்த கிளவுஸ் லாக்னர் பிற்பாடு வடிவமைத்த ஒரு பிசின், வறண்டிருக்கும்போது கரியமில வாயுவைப் பிடித்து, நனைந்ததும் விட்டுவிடுகிறது, வெப்பமே வேண்டாம். பாலைவனத்துக்கு அருமையான யோசனை. பினாங்கு மாநிலத்து நிபோங் திபாலில் அந்தப் பிசின் உலர்வதற்கே நாள் பார்க்க வேண்டும்.

தண்ணீரைப் பற்றிய இந்த அதிர்ச்சியிலிருந்து மீள்வதற்குள் ஆக்சிஜனும் ஒரு பாடம் வைத்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சூடாக்கியை அணைக்காமல் நைட்ரஜன் உருளை மட்டும் தீர்ந்துபோன நிலையில் நாங்கள் வீட்டுக்குப் போய்விட்டோம். 110 டிகிரியில் வெளிக்காற்றோடு மூன்று இரவுகள் கழித்த தூள் திங்கட்கிழமை காலை தேயிலைத் தூளின் நிறத்தில் இருந்தது. குழாயைத் திறந்ததும் அம்மோனியா வாடை அறை முழுவதும் பரவியது. பிடிப்புத்திறனில் மிஞ்சியது பத்தில் ஒரு பங்கு. பலபடி எவ்வாறு உயிரிழக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாக எந்த வரைபடமும் எனக்குக் காட்டியதில்லை. நைட்ரஜன்களுக்கு இடையே இரண்டு கார்பன்கள் நிற்கும் அமைப்பு ஆக்சிஜனுக்கு எளிதில் இரையாகிறது. ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் கிறிஸ்டோபர் ஜோன்ஸின் குழு, அந்த இடைவெளியை மூன்று கார்பன்களாக்கிய பாலிபுரொப்பிலீனிமீன் கூடுதலாகத் தாக்குப்பிடிப்பதைக் காட்டியிருக்கிறது. கொரியாவில் மின்கி சோயின் குழு வேறொரு முனையிலிருந்து பிடித்தது: கடையில் வாங்கும் பாலிஎத்திலீனிமீனில் கண்ணுக்குத் தெரியாத அளவில் கலந்திருக்கும் இரும்பும் செம்பும்தான் இந்தச் சிதைவை விரைவுபடுத்துகின்றன என்று கண்டு, அந்த உலோகங்களைக் கட்டிப்போடும் சேர்மத்தைச் சிறிது சேர்த்தும், முதல்நிலை அமீன்களை எப்பாக்சைடு கொண்டு இரண்டாம் நிலையாக மாற்றியும் தூளின் ஆயுளை நீட்டித்தது. இரண்டாவது வழி பிடிப்பைச் சிறிது குறைக்கும், பிணைப்பு வெப்பத்தையும் குறைக்கும். இந்தப் பேரத்தை நான் மகிழ்ச்சியோடு ஏற்பேன்.

அப்பா தென் செபராங் பிறையில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பாய்லர் பார்த்தவர். பழக்குலையிலிருந்து எண்ணெய் பிழிந்தபின் மிஞ்சும் நாரையும் பருப்பு ஓட்டையுமே எரித்து, ஆலை தனக்கு வேண்டிய நீராவியையும் மின்சாரத்தையும் எடுத்துக்கொள்கிறது; நாட்டில் இத்தகைய ஆலைகள் நானூறுக்கும் மேல் உண்டு. ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது என் எண்பதுக்கு ஒன்று என்ற புலம்பலைக் கேட்டுவிட்டு, வாயு கொஞ்சமாக இருக்கும் இடத்தில் ஏன் தேடுகிறாய், புகைபோக்கியில்தான் நிறைய இருக்கிறதே என்று அவர் கேட்டார். வேறு யாராவது கேட்டிருந்தால் காற்றுக்கும் புகைக்கும் உள்ள கொள்கை வேறுபாட்டை விளக்கியிருப்பேன். காற்றிலிருந்து பிடித்தால் பழைய கணக்கும் குறையும், புகைபோக்கியில் பிடித்தால் புதிய வரவு மட்டுமே நிற்கும் என்பது வழக்கமான பதில். ஆனால் செம்பனை நாரின் கரி, மரம் காற்றிலிருந்து எடுத்த கரி. அதன் புகையில் பிடித்துப் புதைத்தால் அதுவும் காற்றிலிருந்து எடுத்ததற்கே சமம். பதிலை வாய்வரை கொண்டுவந்து விழுங்கினேன்.

அன்றிரவே கணக்குப் போட்டேன். ஈர நார் எரியும் புகையில் நீராவி 15 விழுக்காடு, கரியமில வாயு 12 விழுக்காடு என்று கொண்டால், ஒன்றுக்கு எண்பது என்றிருந்த விகிதம் ஒன்றுக்கு ஒன்றேகாலாகச் சுருங்குகிறது. கவர்பொருளின் மேல் ஏறும் தண்ணீரின் அளவை, நீராவியின் மொத்த அளவைவிட ஒப்பு ஈரப்பதமே பெரிதும் முடிவுசெய்கிறது. அந்தப் புகையை 75 டிகிரியில் வைத்திருந்தால், 15 விழுக்காடு நீராவி இருந்தும் ஒப்பு ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குள் நின்றுவிடும். 75 டிகிரி. விசித்திரம் என்று நான் ஒதுக்கிவைத்த அதே வெப்பநிலையில்தான் பலபடியின் இழைகள் நெகிழ்ந்து வழிவிடுகின்றன. புகையைக் குளிர்விக்கும் செலவிலும் ஒரு பகுதி மிச்சம். மோனோஎத்தனாலமீன் என்றால் 40 டிகிரிக்குக் கொண்டுவந்தாக வேண்டும். நிலக்கரிப் புகையில் அமீனை மீளாமல் கொல்லும் கந்தக டை ஆக்சைடும் செம்பனை நாரில் மிகக் குறைவு. கலவை வாயுவை ஆய்வுக்கூடத்தில் தயாரித்து ஓடவிட்டுப் பார்த்தோம். ஏறிய நீர், பிடித்த கரியமில வாயுவுக்கு ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்றாக இறங்கியது.

இதற்குப் பிறகு எண்களை நான் படிக்கும் முறையே மாறியது. ஒரு கட்டுரையில் கிராமுக்கு இத்தனை மில்லிமோல் என்று கண்டால், இப்போது என் கண் முதலில் தேடுவது சுழற்சிக்கொள்ளளவை: பிடித்ததில் எவ்வளவு விட்டது, எந்த வெப்பநிலையில் விட்டது, விடும்போது சுற்றியிருந்தது நைட்ரஜனா கரியமில வாயுவா. நைட்ரஜனை ஊதித் தூளைச் சுத்தம் செய்து பெரிய எண்ணைக் காட்டுவது எளிது, ஆனால் அப்போது கையில் கிடைப்பது மீண்டும் நீர்த்துப்போன கலவைதான். சூடாக்கும் செலவும் இதில் அடங்கும். ஒரு கிலோ தூளை 70 டிகிரி உயர்த்த, தன்வெப்பம் 1.5 கிலோஜூல் என்றால், 105 கிலோஜூல் ஆகும். சுழற்சிக்கு ஒரு மோல் கிடைத்தால் அந்த 105ம் அதன் தலையில் விழும். இரண்டு மோல் கிடைத்தால் பாதியாகும். மூன்றாவது மோல் மிச்சப்படுத்துவது 18 கிலோஜூல் மட்டுமே. அந்த மூன்றாவது மோலுக்காக மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறார்கள், நானும் உழைத்திருக்கிறேன். ஒரு நீர் மூலக்கூறைத் தள்ளிவைத்தால் 45 மிச்சமாகும்.

செம்பனை ஓட்டிலிருந்து செய்யும் செயலூட்டிய கரியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இங்குள்ள நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். மலிவானது, தண்ணீரை அமீன் அளவுக்கு விரும்பாதது, ஆக்சிஜனுக்கு அஞ்சாதது. சாதாரண அழுத்தத்தில் நீர்த்த புகைக்கு அதன் பிடி தளர்வானது என்பதே என் கருத்து. ஆனால் ஆலைக் கழிவுநீர்க் குளங்களை மூடி எடுக்கும் உயிர்வாயுவில் கரியமில வாயு ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்கு இருக்கும். அதை அழுத்தி மீத்தேனைப் பிரிக்கும் வேலைக்கு, அழுத்தத்தைக் குறைத்தாலே விட்டுவிடும் கரி அமீனைவிடப் பொருத்தமானது.

உலோக-கரிமச் சட்டகங்களுக்காக சுசுமு கிடகாவா, ரிச்சர்ட் ராப்சன், ஒமர் யாகி மூவருக்கும் 2025ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தபோது, இனி உன் சிலிக்காவுக்கு வேலையில்லை என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். உலோக அயனிகளைக் கணுக்களாகவும் கரிம மூலக்கூறுகளைக் கம்பிகளாகவும் கொண்டு துளையின் அகலத்தையும் குணத்தையும் விரும்பியபடி அமைக்கும் அந்த வேதியியலை நான் பொறாமையோடுதான் பார்க்கிறேன். ஆனால் அவற்றில் தொழிற்சாலை வாசலை எட்டியிருப்பவை மிகச் சில. கால்கரி பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஷிமிசு உருவாக்கிய கால்ஃப்-20 அவற்றுள் ஒன்று. துத்தநாகம், டிரையசோல், ஆக்சலேட் என்ற எளிய பொருள்களால் ஆனது, நீராவியைத் தாங்கும், ஒப்பு ஈரப்பதம் 40 விழுக்காடு வரை தண்ணீரைவிடக் கரியமில வாயுவையே தேர்ந்தெடுக்கும். பினாங்கின் காற்று 40 விழுக்காட்டுக்கு இறங்கும் நாளை நான் பார்த்ததில்லை, ஆயினும் சூடான புகை அந்த எல்லைக்குள் வரும். யாகியின் குழு 2024இல் வெளியிட்ட சிஓஎஃப்-999 உலோகமே இல்லாத சட்டகத்தில் அமீன்களைக் கோத்தது; பெர்க்லியின் வெளிக்காற்றில் 100 சுழற்சிகள் ஓடியும் தளரவில்லை, 60 டிகிரியிலேயே வாயுவை விட்டுவிடுகிறது. அதன் ஒரு கிராமை எங்கள் சன்னலோரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இருக்கிறது.

பரிசுகளில் பேசப்படாத வேலையொன்று வடிவம் கொடுப்பது. தூளைத் தூளாகவே எந்த ஆலையிலும் போட முடியாது. புகை அதன் ஊடே நுழைய விசிறி திணறும். காற்று என்றால் இது இன்னும் கடுமை: பாதியைப் பிடித்தாலும் ஒரு டன் கரியமில வாயுவுக்கு ஏறத்தாழ 27 லட்சம் கன மீட்டர் காற்றைத் தள்ள வேண்டும். ஆகவே தூளைப் பிசைந்து மணிகளாகவோ தேன்கூட்டைப்போன்ற கட்டிகளாகவோ ஆக்குகிறோம். பிசைவதற்குச் சேர்க்கும் பசை கரியமில வாயுவைப் பிடிக்காது, ஆனால் எடையில் பங்கு கேட்கும். சூட்டில் பலபடி வெளியே கசிந்து மணிகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். இடியாப்ப உழக்கைப்போன்ற ஒரு சிறு அச்சைக் கொண்டு நாங்கள் பிழிந்த முதல் மணிகளில் தூளின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருந்தது.

பிடித்த வாயுவை எங்கே வைப்பது என்ற கேள்விக்கும் நாட்டில் விடை உருவாகி வருகிறது. 2025 மார்ச்சில் இதற்கென ஒரு சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. சரவாக் கடலில் காசாவாரி எரிவாயு வயலின் கரியமில வாயுவை ஆண்டுக்கு 3.3 மில்லியன் டன் வரை பிரித்துக் கடலடியில் செலுத்தும் திட்டத்தைத் தேசிய எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ் கையில் எடுத்திருக்கிறது. சிதறிக் கிடக்கும் சிறு ஆலைகளின் வாயு அத்தகைய கிணறுகளைச் சென்றடைய லோரியும் குழாயும் கப்பலும் வேண்டும். அது என் துறை அன்று.

என் மேசையில் இப்போது இருப்பது எப்பாக்சைடு ஏற்றிய பலபடியும் உலோகம் கட்டும் சேர்மமும் கலந்த மணிகள். 75 டிகிரியில் பிடித்து, 110 டிகிரியில் நீராவி கொண்டு விடுவிக்கும் சுழற்சியில், 8 விழுக்காடு ஆக்சிஜன் கலந்த செயற்கைப் புகையில் அவை ஓடிக்கொண்டிருக்கின்றன. நிறம் இளமஞ்சளோடு நிற்கிறது. ஆலைப்புகையில் வரும் பொட்டாசியம் மிகுந்த சாம்பல் இந்த மணிகளின் மேல் படிந்தால் என்னவாகும் என்பதற்காக, அப்பாவின் பழைய நண்பர் ஒருவர் மூலம் ஒரு பால்மாவு டின் நிறையச் சாம்பல் வந்து சேர்ந்திருக்கிறது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அப்பா ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்தார். திரையில் அசையாமல் நின்ற ஆக்சிஜன் கோட்டைப் பார்த்துவிட்டு, இது எந்த ஆலையின் புகை என்று கேட்டார். செயற்கைக் கலவை என்றேன். “சீரா எரியிற பாய்லர ஒருநாளும் நான் பார்த்ததில்லம்மா” என்றார். மழையில் நனைந்த நார் விழும்போது, ஓடு அதிகம் விழும்போது, சாம்பல் வாரக் கதவைத் திறக்கும்போது என்று, புகை மாறும் நேரங்களையும் மாறும் விதத்தையும் என் குறிப்பேட்டின் பின்பக்கத்தில் அவரே எழுதிக்கொடுத்தார். அடுத்த சோதனையில் அந்தப் பட்டியலின்படி ஆக்சிஜனை 5க்கும் 12க்கும் இடையே ஏற்றி இறக்கப் போகிறேன். அதற்கு வேண்டிய வால்வு சுங்கைப்பட்டாணியிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை.